ஸ்பானிய மாணவரும் ஆங்கிலப் பரீட்சையும்

மழை பெய்துகொண்டிருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எழுதுமாறு ஸ்பெயின் தேசத்து மாணவன் ஒருவனிடம் கூறினால், பயிற்சி குறைந்தவனாயின் அவன் 'இஸ் ரெயினிங்' என்று எழுதி நிறுத்திவிடுவான். தொடக்கத்தில் வரவேண்டிய 'இட்' என்னுஞ் சிறு சொல் காணாமற் போயிருக்கும். வாழ்க்கை கடினமானது என்று எழுதச் சொன்னால் 'த லைஃப் இஸ் ஹார்ட்' என்பான். இங்கே வேண்டாத 'த' ஒன்று வந்து அமர்ந்திருக்கும். திருத்துகிறவர் முன்னதிற் சிவப்பு மையால் ஒரு சொல்லைச் சேர்ப்பார். பின்னதில் ஒரு சொல்லை வெட்டுவார். 'இந்தப் பிள்ளைக்கு இலக்கணம் ஏறாது' என்று ஒரு தீர்ப்பும் வழங்கிவிடுவார்.

இவ்விரு வாக்கியங்களையும் அப்பிள்ளையின் தாய்மொழியில் வைத்துப் பார்ப்போம். மழை பெய்துகொண்டிருக்கிறது என்பது ஸ்பானிய மொழியில் 'எஸ்தா யொவியெந்தோ' என வரும். 'எஸ்தா' என்பது 'இஸ்'. 'யொவியெந்தோ' என்பது 'ரெயினிங்'. எழுவாய் என்பதொன்று அங்கே கிடையாது. வாழ்க்கை கடினமானது என்பதோ 'லா விதா எஸ் துரா'. முதலில் நிற்கும் 'லா' என்பது ஆங்கிலத்து 'த' என்பதற்கு நேரானது. அதனை விட்டுவிட்டால் ஸ்பானிய மொழி ஆசிரியர் பிழை என்பார். ஆகவே, நம் மாணவன் கவனமின்றி எழுதினான் அல்லன். தொட்டிற் பருவந்தொட்டுத் தான் கீழ்ப்படிந்து வந்த ஓர் இலக்கணத்துக்கு அப்பொழுதும் கீழ்ப்படிந்தே எழுதினான். இலக்கணம் சரி; மொழிதான் வேறு.

தமிழராகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. 'குளிர்கிறது' என்கிறோம், 'விடிந்துவிட்டது' என்கிறோம். எது குளிர்கிறது, எது விடிந்தது என்று எவரும் கேட்பதில்லை. 'வந்தேன்' என்றாலே வந்தவர் யார் என்பது விகுதியில் விளங்கிவிடும். ஸ்பானிய வினைச்சொல்லும் அவ்வாறே தன் வாலிலே தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் சுமந்து வருவது. ஆங்கில வினைக்கோ அந்த வால் ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. எனவே எழுவாயை ஒவ்வொரு முறையும் முன்னே நிறுத்தியாக வேண்டியிருக்கிறது. மழைக்கும் குளிருக்குங்கூட ஒரு பொய் எழுவாயை நியமிக்கவேண்டிய வறுமை அம்மொழிக்கு!

இவ்வளவு தூரம் தமிழ் மாணவனும் ஸ்பானிய மாணவனும் ஒரே வழியில் நடப்பவர்கள். 'த' என்னும் சொல்லுக்கு வந்ததும் வழி பிரிகிறது. தமிழில் அப்படியொரு சொல் இல்லை. ஆதலால் நம் பிள்ளைகள் அதனை வேண்டிய இடத்திலும் விட்டுவிடுகின்றனர். ஸ்பானிய மொழியிலோ அஃது ஆங்கிலத்தைவிட மிகுதி. ஆதலால் அவர்கள் அதனை வேண்டாத இடத்திலும் இடுகின்றனர். ஒருவனுக்குச் சேர்க்கக் கற்பிக்கவேண்டும். மற்றவனுக்குக் குறைக்கக் கற்பிக்கவேண்டும். இருவர் கையிலும் ஒரே பயிற்சி நூலைக் கொடுத்து ஒரே பாடத்தை நடத்துகிறவர், காய்ச்சற்காரனுக்கும் வயிற்றுவலிக்காரனுக்கும் ஒரே போத்தலிலிருந்து மருந்து வார்க்கிறவராவார்.

இவ்வுண்மையை ஒரு கல்வித்துறையாகவே வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஒருவர், ஸ்பானிய மொழியையே பேசி வளர்ந்தவர். றொபேட் லாடோ என்பது அவர் பெயர். 1915 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்து, இருபது வயது கடந்த பின்னரே அமெரிக்கா திரும்பி ஆங்கிலம் கற்றவர். ஆங்கிலத்தைப் பிறப்புரிமையாகப் பெற்றவர்க்கு அதன் முட்கள் தெரிவதில்லை. வளர்ந்த பின் கற்றவரின் காலிலே ஒவ்வொரு முள்ளும் தைத்திருக்கும். 1941 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஃபிரீஸ் என்னும் பேராசிரியர் ஆங்கில மொழி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த ஸ்பானிய மொழி மாணவர்களே அதன் தொடக்கக் கால மாணவர்கள். கற்கப்படும் மொழியையும் கற்பவனின் தாய்மொழியையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட்டே பாடநூல் எழுதவேண்டும் என்பது ஃபிரீஸின் கொள்கை. அங்கே அவருடன் பணியாற்றிய லாடோ, 1957 இல் வெளியிட்ட நூலிலே அதனை விரித்துரைத்தார். மொழிப் பரீட்சைகள் எவ்வாறு அமையவேண்டும் என்பது பற்றி 1961 இல் மற்றொரு நூலும் எழுதினார்.

நிற்க. இதனை வெறும் மொழியியலாரின் பொழுதுபோக்கென்று எண்ணிவிடலாகாது. ஸ்பெயினிலே இந்தச் சின்னஞ்சிறு சொற்களிற் பல இளைஞரின் வாழ்வு தொங்கி நின்றதுண்டு. அந்நாடு நெடுங்காலம் ஆங்கிலத்துக்குப் புறமுதுகு காட்டி நின்றது. பள்ளிகளிற் பிரெஞ்சு மொழியே அந்நிய மொழியாக ஓங்கியிருந்தது. பிராங்கோவின் ஆட்சியில், 1941 இல், பிறநாட்டுத் திரைப்படங்கள் யாவும் ஸ்பானியக் குரல் பொருத்தியே காட்டப்படவேண்டும் என்று கட்டளை பிறந்தது. கட்டளை பின்னர் போயிற்று, பழக்கம் போகவில்லை. வெளிநாட்டு நடிகர் எவராயினும் ஸ்பெயினிலே ஸ்பானியம் பேசியே அழுதார், சிரித்தார். செவிக்கு ஆங்கிலம் எட்டாமலே தலைமுறைகள் வளர்ந்தன.

2008 இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி இந்த நிலையை உலுக்கிவிட்டது. 2013 ஆம் ஆண்டளவில், இருபத்தைந்து வயதுக்குட்பட்டு வேலை தேடிய ஸ்பானியருட் பாதிக்கு மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். பிள்ளைகள் பெட்டி படுக்கையைக் கட்டினர். முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற தாதியர் பலர் பிரித்தானிய மருத்துவமனைகளுக்குச் சென்றனர். 2016 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்துத் தாதியரும் தம் ஆங்கில அறிவை நிரூபிக்கவேண்டும் என்று பிரித்தானியாவில் விதி வந்தது. அதற்கு ஏற்கப்பட்ட பரீட்சை, நம்மூரில் வெளிநாடு செல்லும் பிள்ளையுள்ள வீடுகள் யாவும் நன்கறிந்த ஐ.ஈ.எல்.ரி.எஸ்.தான். வாசிப்பு, கேட்டல், பேச்சு, எழுத்து என நான்கிலும் 7 என்னும் படி வேண்டும். நோயாளியின் நாடியைப் பிடித்து நிலைமையை அறியவல்லவர்கள், கட்டுரைத் தாளில் ஆறரையோடு நின்று திகைத்தனர். 2018 இன் இறுதியில் எழுத்துக்கு மட்டும் அப்படி 6.5 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த அரைப்படியின் விலை என்னவென்பதை, வீட்டை ஈடுவைத்துப் பிள்ளையை வெளிநாடு அனுப்பிய எந்த யாழ்ப்பாணத்துத் தகப்பனும் சொல்லுவார்.

ஊரைவிட்டுப் போகாதவர்க்கும் பரீட்சை உண்டு. ஸ்பெயினின் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே, பட்டத்தைக் கையிற் பெறுவதற்கு முன் அந்நிய மொழி ஒன்றிலே குறித்த தரம் எய்தியதற்குச் சான்று காட்டவேண்டும். இதனால் ஆங்கிலம் கற்பிக்கும் தனியார் நிலையங்கள் நகரந்தோறும் பெருகின. அங்கே பெரும்பாலும் தயார் செய்யப்படுவது கேம்பிரிட்ஜ் பரீட்சைகளுக்கே. கேம்பிரிட்ஜ் என்றதும், நம் பாட்டன்மார் எழுதிய 'கேம்பிரிட்ஜ் சீனியர்' சிலருக்கு நினைவு வரக்கூடும். அதே பல்கலைக்கழகம் அந்நிய மொழியாளருக்கெனத் தனியாக நடத்திய முதற் பரீட்சை 1913 இல் நடந்தது. ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம் நீண்ட அப்பரீட்சைக்குத் தோற்றியவர் மூவர். ஒருவரேனும் சித்தியடையவில்லை!

இன்று ஸ்பானிய இளைஞர் மிகுதியாகத் தோற்றுவது அதற்கு ஒரு படி இரு படி கீழே உள்ள 'ஃபெர்ஸ்ட்' என்னும் பரீட்சை. 1939 இல் வேறு பெயரில் தோன்றி, 1975 இல் 'ஃபெர்ஸ்ட் சேர்ட்டிபிக்கட்' ஆகி, இப்பொழுது 'பி-2 ஃபெர்ஸ்ட்' என வழங்குவது. அதில் வாசிப்பும் இலக்கணப் பிரயோகமும் சேர்ந்த தாள் 75 நிமிடம், வினாக்கள் 52. எழுத்துத் தாள் 80 நிமிடம்; அதில் இரண்டு ஆக்கங்கள், ஒவ்வொன்றும் 140 முதல் 190 சொற்கள் வரை. கேட்டலும் பேச்சும் வேறு.

இலக்கணப் பகுதியில் மாணவரை நடுங்கவைப்பது வாக்கிய மாற்றம். ஒரு வாக்கியம் தரப்படும். ஒரு சொல்லும் தரப்படும். அச்சொல்லை மாற்றாமற் பயன்படுத்தி, இரண்டு முதல் ஐந்து சொற்களுக்குள் அதே பொருளை வேறு வடிவில் நிரப்பவேண்டும். 'அவனைக் கண்டு இரண்டு வருடம் ஆகிறது' என்பதை 'இரண்டு வருடமாக அவனைக் காணவில்லை' என்று திருப்பச் சொல்வது போன்றது. தமிழில் இம்மாற்றம் ஒரு மூச்சு வேலை. ஸ்பானிய மாணவனும் கருத்தைத் திருப்பிவிடுவான். ஆனால் காலத்தைக் குறிக்கும் 'ஃபோர்' வரவேண்டிய இடத்தில் 'சின்ஸ்' என்பதை எழுதுவான். அவனுடைய மொழியில் 'தெஸ்தே' என்னும் சொல், தொடங்கிய நாளைச் சொல்லும்போதும் வரும். கழிந்த காலத்தை அளக்கும்போதும், 'ஆசே' என்னும் மற்றொரு சொல்லைத் துணைக்கழைத்துக்கொண்டு வரும். ஆங்கிலம் இரண்டையும் வெவ்வேறு சொற்களாற் பிரித்துவிட்டது. இதனை ஒருமுறை கரும்பலகையில் இரு மொழியிலும் எழுதிக் காட்டினால் மாணவன் பிடித்துக்கொள்வான். 'சின்ஸ் பிழை, ஃபோர் சரி' என்று ஐம்பது தடவை வெட்டிக் கொடுத்தாலும் ஐம்பத்தோராவது தடவை 'சின்ஸ்' என்றே எழுதுவான்.

'நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதும் அத்தகையதே. தமிழில் 'என்று' வருகிறது. ஸ்பானியத்தில் 'கே' வருகிறது. ஆங்கிலத்திலோ அந்த இணைப்புக்கு இடமில்லை. 'உன்னை வர விரும்புகிறேன்' என்பது போன்ற, நம் இரு மொழிக்காரர் செவிக்கும் பொருந்தாத ஓர் அமைப்பே அங்கே சரியாகிறது. 'மக்கள்' என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல் 'ஹெந்தே' ஒருமை. ஆகவே 'பீப்பிள் இஸ்' என்று எழுதுகின்றனர். சிரிக்க என்ன இருக்கிறது? 'சனம் கூடிவிட்டது' என்று நாமும் ஒருமையிலேதானே முடிக்கிறோம். நம் பிள்ளைகள் செய்யாத பிழையொன்றும் அவர்களிடம் உண்டு. ஸ்பானியத்திலே கார்கள் பலவாயின் அவற்றின் சிவப்பும் பன்மையாகவேண்டும். எனவே அடைமொழிக்கும் 'எஸ்' சேர்த்து எழுதிவிடுகின்றனர். தமிழ் அடைமொழி எண்ணுக்கேற்ப மாறாதது நம் மாணவர் செய்த புண்ணியம்.

எழுத்துக்கூட்டல் தனிக் கதை. ஸ்பானியம் பெரும்பாலும் ஒலித்தவாறே எழுதும் மொழி. அங்கே சொல்லெழுதும் வகுப்பு மாணவனைப் பெரிதாக வருத்துவதில்லை. மெய்யெழுத்துக்கள் இரட்டித்து வருவதும் அருமை. சி, ஆர், எல், என் என்னும் நான்கே எழுத்துக்கள் இரட்டிக்கும். 'கரோலினா' என்னும் பெண் பெயரில் உள்ள நான்கு மெய்களும் இவையே என்பதால், அப்பெயரையே நினைவுச் சூத்திரமாகக் கொடுப்பது ஆசிரியர் வழக்கம். கரோலினாவிடம் இல்லாத 'எஸ்' எழுத்தை ஆங்கிலம் 'பொஸிபிள்' என்பதில் இரட்டிக்கிறது. 'புரொபெஸர்' என்பதிலும் இரட்டிக்கிறது. ஸ்பானிய மாணவன் ஒற்றையோடு நிறுத்துவான். இன்னொரு வேடிக்கை: எஸ் எழுத்தோடு மற்றொரு மெய் சேர்ந்து ஒரு சொல் தொடங்குவதை ஸ்பானிய நாக்கு பொறுக்காது, முன்னே ஓர் எகரம் சேர்த்து 'எஸ்கூல்' என்னும். 'இஸ்கூல்' என்னும் நம் கிராமத்து முதியவர்க்கு அவர்கள் கிட்டிய உறவு.

சொல்வளத்தில் ஸ்பானியன் செல்வப் பிள்ளை. இலத்தீன் வழி வந்த ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் அவன் வீட்டுச் சொற்களே. 'நேஷன்' அவனுக்கு 'நசியோன்'. 'யுனிவேர்ஸிற்றி' அவனுக்கு 'உனிவெர்சிதாத்'. ஈறு மாறும் முறையை அறிந்தால் ஒரே நாளில் நூறு சொற்கள் கைவந்துவிடும். ஆயினும் செல்வத்துக்குள்ளே கள்ள நாணயங்களும் கலந்திருக்கும். 'எம்பராசாதா' என்றால் வெட்கமடைந்தவள் என்று ஆங்கிலச் சொல்லின் சாயலாற் கருதத் தோன்றும். உண்மைப் பொருள் கர்ப்பவதி என்பதாம். தடிமன் பிடித்த ஸ்பானியன் தன்னைக் 'கொன்ஸ்திபாதோ' என்பான். அதே சொல்லை ஆங்கிலமாக்கி வகுப்புக்கு வராத காரணமாக எழுதிக் கொடுத்தால், அவனுக்கு மலச்சிக்கல் என்று ஆசிரியர் அறிந்துகொள்வார். 'லிப்ரேரியா' நூலகமன்று, புத்தகக் கடை. 'அசிஸ்தீர்' உதவுவதன்று, சமுகமளிப்பது. ஒரே மொழிக்குள்ளேயே இவ்விபத்து நேர்வதுண்டே! 'அப்பா பேசினார்' என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண் கலங்கிச் சொன்னால், தமிழகத்து நண்பனுக்கு அதில் அழ என்ன இருக்கிறதென்று விளங்காது.

இலத்தீன் செல்வத்தால் வரும் மற்றொரு தீமையை ஆசிரியர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது நம் எண்ணம். எழுத்துத் தாளைத் திருத்துவோர் நான்கு நோக்கில் புள்ளியிடுகின்றனர்: பொருள், வாசகனுக்கேற்ற நடை, ஒழுங்கமைப்பு, மொழி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து. ஆக, பிழையற்ற மொழிக்கு உரியது காற்பங்கே. ஸ்பானியத்திலே 'பெறுதல்', 'தொடர்தல்', 'பொறுத்தல்' என்பவற்றுக்கு அன்றாடம் வழங்குவன இலத்தீன் வழிச் சொற்கள். அவற்றின் ஆங்கில உடன்பிறப்புக்களோ சட்டை, கழுத்துப்பட்டி அணிந்த சொற்கள். ஆங்கிலேயன் தோழனுக்கு எழுதும்போது 'கெட்', 'கோ ஒன்', 'புட் அப் வித்' என்று எளிய சிறு சொற்களை இணைத்தே எழுதுவான். நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொன்னால், ஸ்பானிய மாணவன் இலக்கணப் பிழை ஒன்றுமின்றி ஒரு வழக்கறிஞரின் அறிவித்தலை எழுதிவிடுகிறான். பக்கத்து வீட்டுத் தோழனுக்கு 'தங்கள் திருமுகம் கிடைக்கப்பெற்று அகமகிழ்ந்தேன்' என்று எழுதினால் எப்படியிருக்கும்? பேச்சு நடையும் ஏட்டு நடையும் வெவ்வேறாக வாழும் தமிழர்க்கு இக்குற்றத்தின் சுவை நன்கு விளங்கும். எந்தச் சொல் எந்த உடையில் வருகிறது என்பதைக் கற்பிப்பது, இன்னும் பத்து இலக்கண விதிகளைக் கற்பிப்பதிலும் பார்க்கப் பயன் தரும்.

வாக்கிய நீளமும் அவ்வாறே. கால்மாத்திரைப் புள்ளிகளாற் கோத்துக் கோத்து ஒரு பந்தி முழுவதையும் ஒரே வாக்கியமாக ஓடவிடுவதை ஸ்பானிய உரைநடை குறையாகக் கருதுவதில்லை. அதற்கென ஓர் இசையுமுண்டு. ஆங்கிலப் பரீட்சகர் அதனை முடிவுப் புள்ளி அறியாதவன் வேலை என்பார். 190 சொல்லுக்குள் அடங்கவேண்டிய கட்டுரையில் தோரணவாயில் கட்டவே அறுபது சொல் போய்விடும். மாணவனைத் தன் நீண்ட வாக்கியத்தைத் தானே வாசிக்கச் செய்து, மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் புள்ளியிடச் சொல்வது நல்ல வைத்தியம்.

ஒப்பீட்டு முறையே எல்லாப் பிணிக்கும் மருந்து என்று நாம் கூற வரவில்லை. லாடோவின் கொள்கைக்கு மறுப்பும் எழுந்தது. பிழை என்பது துடைத்தெறியவேண்டிய அழுக்கன்று, கற்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதைக் காட்டும் சான்று என்று 1967 இல் பிற் கோடர் என்னும் ஆங்கில அறிஞர் எழுதினார். 1974 இல் டூலே, பேர்ட் என்னும் இருவர், அமெரிக்காவில் ஆங்கிலம் பயின்ற ஸ்பானியக் குழந்தைகளையும் சீனக் குழந்தைகளையும் ஆராய்ந்தனர். ஆங்கிலத்தின் சிறு இலக்கண உறுப்புக்களை இருசாராரும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கிற் கற்பதைக் கண்டு, தாய்மொழியின் கை அத்துணை நீண்டதன்று என்றனர். படர்க்கை ஒருமை வினையின் இறுதி 'எஸ்' எழுத்தை மறவாத மாணவன் எந்த மொழியில் இருக்கிறான்? தமிழன் மறக்கிறான், ஸ்பானியன் மறக்கிறான். ஆனால் அவர்கள் ஆராய்ந்தது விளையாடிக்கொண்டே மொழி பழகும் குழந்தைகளை. மூன்று மாதத்தில் பரீட்சை எழுதவேண்டிய இருபது வயதுக்காரனுக்கு அந்த இயற்கையான காலம் கிட்டுவதில்லை. அவனுக்கு வரைபடம் வேண்டும்.

அவ்வரைபடத்தை வாசிக்கும் ஆற்றல் ஸ்பானிய மாணவனிடம் முன்னமே உண்டு. 1492 இலேயே நெப்ரிஹா என்னும் அறிஞர் தம் மொழிக்கு இலக்கணம் வகுத்து அச்சேற்றிய நாடு அது. இன்றும் அங்குள்ள பாடசாலைகளில் வாக்கியத்தைப் பகுத்து எழுவாய், செயப்படுபொருள் எனக் கோடிட்டுக் காட்டும் பயிற்சி தாய்மொழி வகுப்பிலே நடைபெறுகிறது. ஆங்கில ஆசிரியர் அக்கோடுகளையே கடன் வாங்கிக்கொள்ளலாம். தாய்மொழியை வகுப்பறை வாயிலுக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்னும் பிடிவாதத்தை நாம் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

மாணவனுக்கு ஒரு தனிக் கொப்பி வேண்டும். தன் பழைய கட்டுரைகளில் வெட்டுண்ட வாக்கியங்களை இடப்பக்கத்திலும், அவற்றைச் சொல்லுக்குச் சொல் ஸ்பானியமாக்கி வலப்பக்கத்திலும் அவன் எழுதவேண்டும். இரண்டு வாரத்தில் தன் பிழைகளின் குடும்பம் ஐந்தாறு பேருக்கு மேற்பட்டதன்று என்பதைக் கண்டுகொள்வான். இலக்கணமே தனக்கு வராது என்று அஞ்சியிருந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கே பாதிப் பலம்.

பரீட்சை நாளன்று, எண்பது நிமிடத்திற் கடைசிப் பத்து நிமிடத்தை எழுதுவதற்குச் செலவிடலாகாது. பேனையைக் கீழே வைத்து, இறுதி வாக்கியத்திலிருந்து மேனோக்கி வாசித்து வரவேண்டும்; அப்பொழுதுதான் கதையின் ஓட்டம் கண்ணை ஏமாற்றாது. ஒவ்வொரு வினைச்சொல்லிடமும் 'உன் எழுவாய் எங்கே?' என்றும், ஒவ்வொரு 'த' விடமும் 'உன்னை யார் அழைத்தார்?' என்றும் கேட்கவேண்டும். பின்னர் பேரெழுத்துக்களைப் பார்க்கவேண்டும். ஸ்பானிய மொழி 'நான்' என்பதைச் சிற்றெழுத்திலே எழுதும். திங்கட்கிழமையையும் ஜனவரியையும் அவ்வாறே எழுதும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் பேரெழுத்து வேண்டும்.